ஒரு கோல், பல தலைகள்

(அறிவியல் மன்ற மாணவியர்)

கொடைக்கானல் சுற்றுலாவில் தூண் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் பேருந்து சிறிது நேரம் நின்றுவிட்டது. சாலையோரப் புல்வெளியிலிருந்து நாலைந்து காட்டெருமைகள் இறங்கி வந்து வழியை அடைத்துக்கொண்டதே காரணம். அந்தப் புல்வெளிதான் 1895ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கழகத்தின் ஆடுகளம் என்று ஓட்டுநர் அண்ணன் சொன்னார். சற்றுத் தொலைவில் பெரியவர் ஒருவர் பந்தடித்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் இன்னொருவர், நீண்ட பையொன்றைத் தோளில் சுமந்து மேடேறிக்கொண்டிருந்தார். பையின் வாயிலே ஏகப்பட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அந்த அண்ணன் குடை விக்கிறாரா, சிஸ்டர்?" என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்க, பேருந்தே சிரித்தது. ஒரு பந்தை அடிக்க எதற்கு அத்தனை கோல்கள் என்று, சிரித்த எங்களில் ஒருத்திக்குக்கூடத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தக் கேள்வி அத்துடன் போயிருக்கும். ஆனால் சில மாதங்களில் நம் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் ஆடிய கோல்ஃப் கோல்கள் ஒன்பதைப் பையோடு கொண்டுவந்து, "பிள்ளைகள் பழகட்டும்" என்று தலைமைச் சகோதரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். புதிய விளையாட்டு என்றதும் நாற்பது பேர் பெயர் கொடுத்தோம். பையைத் திறந்து பார்த்தால், எல்லாம் ஆறடி உயர ஆண்மகனுக்கு அளந்து செய்தவை! எங்களில் குட்டையானவளுக்குக் கோலின் முனை நெஞ்சில் இடித்தது. சரி, அறுத்துச் சிறிதாக்கலாமா? சிறிதாக்கினால் நெட்டையான பன்னிரண்டாம் வகுப்பு அக்காமாருக்கு உதவாது. ஆளுக்கொரு தொகுதி வாங்க நம் பெற்றோருக்கு இயலுமா? அந்தப் பேச்சை எடுக்கவே நாங்கள் துணியவில்லை. அப்போதுதான், தலையையும் கழற்றி மாட்டலாம், நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம் என்ற வகையில் ஒரே ஒரு கோல் செய்தால் என்ன என்ற எண்ணம் மன்றத்தில் பிறந்தது. அதை ஆராயப் புகுந்து நாங்கள் அறிந்ததையும், பட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

கோல்ஃபைத் தமிழில் குழிப்பந்தாட்டம் என்பர். பரந்த புல்வெளியில் வைத்த சிறு பந்தைக் குறைந்த அடிகளில் தொலைவிலுள்ள குழிக்குள் சேர்க்க வேண்டும்; இப்படிப் பதினெட்டுக் குழிகள். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊர் எலுமிச்சம்பழம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அடி பந்தை வெகுதூரம் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது அடி மரத்தைத் தாண்ட வேண்டியிருக்கலாம். மணற்பள்ளத்தில் விழுந்த பந்தைக் கிளப்ப வேண்டியும் வரலாம். கடைசியில் குழியருகே மெல்ல உருட்டினால் போதும். வேலை மாறினால் கருவியும் மாற வேண்டும் அல்லவா? கீரை அரியும் அரிவாள்மணையில் யாரும் தேங்காய் உடைப்பதில்லை. கோலின் தலை முகம் எவ்வளவு மல்லாந்து சாய்ந்திருக்கிறதோ, அவ்வளவு உயரமாகப் பந்து எழும்பும். அவ்வளவுக்குத் தூரம் குறையும். தூரம் அடிக்கும் 'டிரைவர்' என்ற கோலின் முகச் சாய்வு ஏறக்குறைய 10 பாகை. நடுத்தரமான ஏழாம் எண் இரும்புக் கோலுக்கு 30 முதல் 34 பாகை. மணலிலிருந்து தூக்கும் கோலுக்கு 56 பாகை. உருட்டும் கோலாகிய 'பட்டர்' மட்டும் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கும்.

இவை ஒவ்வொன்றின் நீளமும் வேறு. டிரைவர் 45 அங்குலம், ஏழாம் எண் 37 அங்குலம், மணல் கோல் 35 அங்குலம் அளவில் இருக்கும். தலையின் எடையோ நேர்மாறாக ஏறும்: டிரைவர் தலை 200 கிராம், ஏழாம் எண் 270 கிராம், மணல் கோல் 300 கிராம். நீளம் அரை அங்குலம் குறையக் குறையத் தலையின் எடை ஏழு கிராம் ஏறிக்கொண்டே போவது இரும்புக் கோல்களின் வழக்கம். இந்தக் கணக்கு ஏன் என்பதை நாங்கள் பின்னால்தான் புரிந்துகொண்டோம். எங்கள் முழு முயற்சியும் இந்த ஒரு கணக்கில்தான் நின்றது.

முற்காலத்தில் கோலின் தண்டை 'ஹிக்கரி' என்ற அமெரிக்க மரத்தில் செய்தார்கள். மரத்துக்கு மரம் வளைவு மாறுவதால் ஒவ்வொரு கோலுக்கும் ஒரு தனிக் குணம் இருந்தது. ஆடுபவர் தமக்கு ஒத்துவந்ததைத் தேடிப் பிடித்து, உயிர்போல் காப்பாற்றினார். பிரிட்டனில் 1929ஆம் ஆண்டு எஃகுத் தண்டுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் தொழிற்சாலையில் ஒன்றுபோல் செய்து, எண் குறித்து, தொகுதியாக விற்கலானார்கள். விற்கப்படுகிறதென்றால் வாங்குவதற்கு ஆள் இல்லாமலா? சாய்வில் ஒரு பாகை, இரண்டு பாகை வேறுபாடுள்ள கோல்களையெல்லாம் வாங்கிச் சேர்த்தார்கள். லாசன் லிட்டில் என்ற அமெரிக்க வீரர் 1930களில் முப்பதுக்குக் கொஞ்சம் முன்பின் கோல்கள் எடுத்துவருவாராம்! அத்தனையையும் சுமந்தவர் அவர் அல்லர். கூலிக்குப் பை தூக்கியவர். கடைசியில் ஒருவர் 14 கோல்களுக்கு மேல் எடுத்துவரக் கூடாது என்று அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டும், பிரிட்டனில் 1939ஆம் ஆண்டும் விதி வந்தது. இன்றும் அந்த எண்தான். சுமப்பவர் படும் பாடும் அவ்விதிக்கு ஒரு காரணம் என்று படித்தபோது, கொடைக்கானலில் மேடேறிய அந்த அண்ணனின் குனிந்த முதுகு எங்கள் நினைவுக்கு வந்தது.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு நகரம். நம் முன்னோர் பெலவேந்திரர் என்று அழைத்தார்களே, அந்த அப்போஸ்தலரின் பெயரைத் தாங்கிய ஊர். உலகில் பெண்களுக்கென முதலில் தோன்றிய கோல்ஃப் கழகம் 1867ஆம் ஆண்டு அங்கேதான் தொடங்கிற்று. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது உருட்டும் கோல் மட்டுமே. கோலைத் தோளுக்கு மேலே ஓங்குவது பெண்ணுடைக்கு அழகன்று என்று 1890ஆம் ஆண்டு வெளியான ஆங்கில நூலொன்று வெளிப்படையாகவே எழுதியது. (எங்கள் பாட்டிமார் அதே காலத்தில் உலக்கையைத் தலைக்கு மேல் ஓங்கி நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். அது அழகா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை!) அந்த நிலையிலிருந்து பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை வந்தார். வெண்கலப் பதக்கம் ஒரே ஓர் அடியில் தவறிப்போயிற்று. அங்கே அவர் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அதிதி வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் பந்தை மிகத் தொலைவு அடிப்பவர் என்று பெயர் பெற்றவர் அல்லர். குழியருகே அவர் காட்டும் நிதானமே அவர் செல்வம்.

இனி எங்கள் கோலுக்கு வருவோம். ஒரே கோலால் எல்லா அடியும் அடிக்கும் ஆசை எங்களுக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. 1890களில் எடின்பரோவைச் சேர்ந்த அர்கார்ட் என்பவர், தலையை வேண்டிய சாய்வுக்குத் திருப்பி நிறுத்தக்கூடிய இரும்புக் கோலொன்றைச் செய்து காப்புரிமை பெற்றார். உள்ளே ஒரு வில் வைத்த பொறி. தலையை இழுத்துத் திருப்பினால் அடுத்த சாய்வில் போய் உட்காரும். ஒரு கோலில் ஒரு பை நிறைந்த வேலை! ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விதி வகுத்தவர்கள், கோல் என்றால் தண்டும் தலையுமாகத்தான் இருக்க வேண்டும், வில் முதலிய பொறிகள் கூடாது என்று முடிவு கட்டினார்கள். அத்துடன் அது அருங்காட்சிப் பொருளாயிற்று.

நெடுங்காலம் கழித்து விதி தளர்ந்தது. 2008ஆம் ஆண்டு முதல், சாய்வு போன்றவற்றை மாற்றி அமைக்கும் பொறிகள் கோலில் இருக்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். இப்போது கடைக்கு வரும் டிரைவர்கள் பலவற்றில் தலையைத் தனியே கழற்றலாம். தண்டின் அடியில் பல்வெட்டிய ஒரு குழல். தலையின் கழுத்துக்குள்ளும் அதே பல். அடிப்பாகத்திலிருந்து ஒரு திருகாணி மேலேறி இரண்டையும் இறுக்கும். அதற்கென்று தரும் திருகியால் முடுக்கினால் குறித்த இறுக்கம் வந்ததும் 'டக்'கென்று ஒலிக்கும்; அதற்கு மேல் முடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் விதியில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. கையாலேயே சுலபமாக மாற்றும்படி இருக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவே தளரும்படி இருக்கக் கூடாது. எந்த நிலையில் வைத்தாலும் கோல் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு கோலின் தன்மையை வேண்டுமென்றே மாற்றவும் கூடாது. தலைகளையும் தண்டுகளையும் தனித்தனியே பையில் கொண்டுவந்து, களத்தில் வைத்துப் பூட்டிப் புதுக் கோல் உண்டாக்குவதற்கும் தடை. ஆக, எங்கள் 'பல தலைக் கோல்' போட்டிக்குப் போனால் முதல் குழியிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் நாங்கள் போட்டிக்கா போகிறோம்? பழகத்தானே கேட்கிறோம்! பழகுபவருக்கு விதியை விட அளவுதான் முக்கியம் என்பது எங்கள் எண்ணம். மும்பை செம்பூரில் கோல்ஃப் களத்தை ஒட்டிய குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கட்டடக் கம்பியை வளைத்துக் கோலாக்கிச் சந்துகளிலே ஆடிப் பழகுகிறார்கள். அவர்களிடம் எந்த விதிப் புத்தகம் இருக்கிறது?

முதலில் எங்களை நாங்களே அளந்தோம். கோலின் நீளத்துக்கு ஆள் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்களில் குட்டையானவள் 138 சென்டிமீட்டர், நெட்டையானவள் 168 சென்டிமீட்டர். ஆனால் மணிக்கட்டின் உயரமோ 67, 82 என்று வந்தது. உயரத்தில் 30 சென்டிமீட்டர் வேறுபாடு, மணிக்கட்டில் 15 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது! நெட்டையானவர்களுக்குக் கையும் நீளம் என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை. ஆகவே ஐந்தாறு அங்குலம் நீண்டு சுருங்கும் தண்டு இருந்தால் நாற்பது பேருக்கும் ஒருவாறு பொருந்தும் என்று கண்டோம்.

அடுத்தது தலை. ஒரே தண்டில் எல்லாத் தலையையும் மாட்டிவிட்டால் ஆயிற்று என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் இயற்பியல் ஆசிரியை சிரித்துக்கொண்டே, "நிலைமத் திருப்புத்திறன் பாடம் நடத்தினேனே, பரீட்சைக்கு மட்டும்தானா அது?" என்றார். சுழலும் பொருள் கைக்கு எவ்வளவு பாரமாகத் தோன்றும் என்பது எடையை மட்டும் பொறுத்ததன்று. நீளத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நீளம் பத்து விழுக்காடு கூடினால், சுழற்றும் கைக்குப் பாரம் 21 விழுக்காடு கூடும். தண்டின் எடையை விட்டுவிட்டு, தலையின் கிராமை நீளத்தின் அங்குல வர்க்கத்தால் பெருக்கிப் பார்த்தோம். டிரைவருக்கு 4,05,000. ஏழாம் எண்ணுக்கு 3,69,630. மணல் கோலுக்கு 3,67,500. என்ன அதிசயம்! நீளமும் எடையும் அவ்வளவு மாறியும் கைக்கு வரும் பாரம் ஏறக்குறைய ஒன்றே. கோல் மாறினாலும் வீசும் கை மாறாமல் வீசட்டும் என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். இப்போது டிரைவர் தலையை மணல் கோலின் 35 அங்குலத் தண்டில் மாட்டினால் 2,45,000 ஆகி விளையாட்டுப் பொம்மை போலாகிவிடும். மணல் கோலின் தலையை 45 அங்குலத் தண்டில் மாட்டினாலோ 6,07,500! சம்மட்டியைச் சுழற்றுவது போல்தான்.

தலையைக் கழற்றி மாட்டுவதும் நீளத்தைக் கூட்டிக் குறைப்பதும் இரண்டு தனி வசதிகள் என்றல்லவா நாங்கள் எண்ணியிருந்தோம்? அவை இரண்டும் ஒரே வசதி. தலை மாறினால் நீளமும் மாறியே ஆக வேண்டும். மாறாவிட்டால் தலையை மாற்றியும் பயனில்லை.

கணக்கு சரியாக வந்த மகிழ்ச்சியில் கைவேலையில் அவசரப்பட்டோம். சகோதரிகளின் மருந்தகத்தில் உடைந்த அலுமினிய ஊன்றுகோலொன்று கிடந்தது. ஒரு குழலுக்குள் இன்னொரு குழல்; பக்கத்தில் வரிசையாகத் துளைகள்; வில் வைத்த சிறு பொத்தான் துளையில் வந்து மாட்டிக்கொள்ளும். நீளம் மாற்ற இதைவிட வேறென்ன வேண்டும்? பையிலிருந்த ஒன்பது கோல்களில் மூன்றின் தண்டு துருப்பிடித்து இற்றுப்போயிருந்ததால் அவற்றின் தலைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். டிரைவர் ஒன்று, ஏழாம் எண் ஒன்று, உருட்டும் கோல் ஒன்று. தலையின் கழுத்திலும் அதே பொத்தானை வைத்தோம். குழலை மேலிருந்து செருகினால் 'க்ளிக்'கென்று மாட்டிக்கொண்டது. பார்க்க மிக அழகாயிருந்தது.

அக்டோபர் மாதம், மாலை நேரம். எங்களில் ஒருத்தி ஏழாம் எண் தலையை மாட்டி ஓங்கி வீசினாள். கையில் தண்டு இருந்தது, தலை இல்லை. மறுகணம் மாதா கெபியின் பக்கத்திலிருந்த செம்பருத்தித் தொட்டி உடைந்து சிதறிற்று. நாங்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் நின்றதால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அரை மணிக்கு முன்புவரை அதே இடத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகள் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு உடல் நடுங்குகிறது. தலைமைச் சகோதரி கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோலை வாங்கித் தம் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, "ஏன் பறந்தது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு திறக்கிறேன்" என்றார்கள்.

ஏன் பறந்தது? அதையும் கணக்கிட்டோம். மாணவி ஒருத்தியின் வீச்சில் தலையின் வேகம் நொடிக்கு 25 மீட்டர் என்று வைத்தோம். தலை 270 கிராம். சுழலும் வட்டத்தின் ஆரம், கையும் சேர்த்து, ஒன்றரை மீட்டர். தலையை வட்டத்திலேயே பிடித்து வைக்க 112 நியூட்டன் விசை வேண்டும். அதாவது பதினொரு கிலோவுக்கும் மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டது போல. அத்தனையையும் எங்கள் சின்னஞ்சிறு பொத்தான் தாங்க வேண்டியிருந்தது. மெல்லிய அலுமினியத் துளை கிழிந்துவிட்டது. தொழில்முறை வீராங்கனையர் டிரைவரை மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார்கள். அப்போது 200 கிராம் தலைக்கு இருபது கிலோவுக்கு மேல் வரும். ஓர் அரிசி மூட்டையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது போலத்தான்! பந்தில் மோதும் கணமோ இன்னும் கடுமை. மோதல் நீடிப்பது ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு நொடி. அதற்குள் பந்து தலையின் வேகத்தையும் விஞ்சிய வேகம் எடுக்க வேண்டியிருப்பதால், சராசரி விசையே அரை டன் எடைக்கு மேல் போகிறது. ஊன்றுகோல் உடலின் பாரத்தைக் கீழ்நோக்கி அழுத்தித் தாங்கும் பொருள். கோலோ வெளிநோக்கி இழுக்கப்படும் பொருள். அமுக்கத்துக்குச் செய்த பூட்டை இழுப்புக்கு வைத்தோம், அதுவே பிழை.

பிழை தெரிந்தது, பரிகாரம் தெரியவில்லை. எங்கள் மன்றத்தில் திருவாதவூரிலிருந்து வருபவர்கள் மூவர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லோரும் அறிவீர்கள். அங்குள்ள ஓவா மலைக் குகையில் தமிழி எழுத்துகள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக இருக்கின்றன. அந்தப் பாறையைக் கொத்திய உளியையும் ஒரு கொல்லர்தானே அடித்துக் கொடுத்திருப்பார்! அந்த மூவரும் ஒரு சனிக்கிழமை, இயற்பியல் ஆசிரியையோடு எங்கள் அனைவரையும் தம் ஊர்க் கொல்லர் பட்டறைக்கு அழைத்துச் சென்றார்கள். உலையருகே அமர்ந்திருந்த முதியவர் கிழிந்த குழலையும் தலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தாயி, இது சுத்தி வீசுற சாமானா?"

"ஆமாங்க தாத்தா."

"வீசுற சாமானுக்கு மேலருந்து சொருகினா தலை கழண்டு ஓடத்தானே செய்யும்? அந்தக் குந்தாலிய எடு, பார்ப்போம்."

எடுத்தோம். குந்தாலியின் காது ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அதற்கேற்பப் பிடியின் ஒரு நுனி பருத்திருந்தது. பிடியின் மெல்லிய நுனியை அகன்ற பக்கத்தால் விட்டு இழுத்தால், பருத்த நுனி காதில் வந்து இறுகிக்கொள்கிறது. ஓங்கி வீச வீசத் தலை வெளியே ஓடப் பார்க்கும். ஓட ஓட அந்தப் பருத்த நுனியில் மேலும் இறுகும். ஆணியும் இல்லை, திருகும் இல்லை. கழற்ற வேண்டுமானால் பிடியின் அடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் தலை கையோடு வந்துவிடுகிறது. ஒரே பிடியில் இரண்டு மூன்று தலைகளை மாற்றிப் போட்டுக்கொள்வார்களாம். கழற்றி மாட்டும் தலையைத் தேடி எடின்பரோ வரை போய்வந்தோமே, அது எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடந்திருக்கிறது! நீளம் மாற்றவும் ஒன்று இருந்தது. மாங்காய் பறிக்கும் தொரட்டிக்கு உயரம் பற்றாவிட்டால், இன்னொரு மூங்கிலை ஒட்டுவைத்துக் கட்டுகிறோம் அல்லவா? "ஒட்டு ஒரு முழமாவது உள்ள போகணும் தாயி. விரக்கடை போனா ஒடியும்" என்றார் முதியவர். எங்கள் குழல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சென்றிருந்ததோ இரண்டே அங்குலம்.

கோல்ஃப் கோலில் பிடி தடிப்பாகவும் கழுத்துத் துளை சிறிதாகவும் இருப்பதால், குந்தாலி போலத் தண்டு முழுவதையும் அடியிலிருந்து ஏற்ற முடியாது. அதற்கும் அவரே வழி சொன்னார். ஒரு சாண் நீள எஃகு ஆணி; அதன் அடி கூம்பாகப் பருத்திருக்கும்; மேல்முனையில் மரை. தலையின் அடியிலிருந்து ஆணியை ஏற்றிக் கழுத்து வழியே வெளியே எடுத்து, தண்டின் அடியில் பொருத்திய மரைக் குழலில் முடுக்கிவிட்டால், தலை தப்ப வேண்டுமென்றால் கூம்பைத் தாண்டித்தான் தப்ப வேண்டும். தலை சுற்றிக்கொள்ளாதபடி கழுத்தின் விளிம்பில் ஒரு வெட்டும், தண்டில் அதற்கேற்ற பல்லும் வைத்தார். கூம்பையும் பல்லையும் அவர் அடித்தார். துளையும் மரையும் மேலூரில் லேத் பட்டறையில் போட்டோம். புதிய டிரைவர்களில் அடியிலிருந்து மேலேறும் திருகாணியின் படத்தை அவருக்குக் கைப்பேசியில் காட்டியபோது, ஒரு நொடி பார்த்துவிட்டு, "அவனும் குந்தாலி பார்த்திருப்பான்" என்று சொல்லிவிட்டுத் துருத்தியை ஊதப் போய்விட்டார்.

இந்த முறை முதலில் வீசவில்லை. தலையில் கயிறு கட்டிப் பட்டறை உத்தரத்தில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டோம். ஒரு மணி நேரம் நின்றது. மறுநாள் 50 கிலோ. அதுவும் நின்றது. நீளத்துக்கு எஃகுக் குழல் வாங்கி, அங்குலத்துக்கு ஒரு துளையிட்டு, பொத்தானுக்குப் பதிலாகக் குறுக்கே ஊடுருவும் ஊசியும் அதற்கொரு மறையும் வைத்தோம். எவ்வளவு குறுக்கினாலும் நீட்டினாலும் உட்குழல் ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே இருக்கும். ஒவ்வொரு தலைக்கும் எந்தத் துளை, எந்த உயரத்தவளுக்கு எந்தத் துளை என்று அட்டவணை எழுதி விளையாட்டு அறையில் ஒட்டியிருக்கிறோம்.

குறை இல்லாமலும் இல்லை. எஃகுக் குழல் கனம். ஆகவே எங்கள் கணக்கில் விட்டுவிட்ட தண்டின் எடை இப்போது கையைப் பழிவாங்குகிறது. டிரைவர் தலையின் கழுத்து மெல்லியது. லேத் பட்டறைக்காரர் துளையிட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியென்றே படுகிறது. ஆகவே 'பல தலைகள்' என்று தலைப்பிட்டோமே தவிர, இன்றைய நிலவரத்தில் தலைகள் இரண்டுதான். நீளத்தை மாற்ற ஊசியைக் கழற்றி மாட்டுவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடுவதால், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

தலைமைச் சகோதரி மூட்டைச் சோதனையை நேரில் வந்து பார்த்த பிறகே அறையைத் திறந்தார்கள். கெபிக்கு எதிர்ப்புறமாக மட்டுமே அடிக்க வேண்டும். அடிப்பவளைச் சுற்றிச் சுண்ணாம்பால் இட்ட வட்டத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. கெட்டிப் பந்து வேண்டாம், டென்னிஸ் பந்து போதும் என்று மூன்று கட்டளைகள். முதல் அடி யாருக்கு என்று சீட்டுப் போட்டோம். 138 சென்டிமீட்டர்க்காரிக்கே விழுந்தது. ஊசியைக் கடைசித் துளையில் மாட்டிக் கொடுத்தோம். மூன்று முறை காற்றைத்தான் அடித்தாள். நான்காம் முறை பந்து எழும்பி, கைப்பந்துத் திடலைத் தாண்டி, கன்னியர் மடத்துக் கத்தரிப் பாத்தியில் போய் விழுந்தது. தலை கோலிலேயே இருந்தது.